ஒன்பதாவது வாக்குறுதி

கால் கட்டை விரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட ஒரு துணி கேட்டார்கள். லோகப்பிரியா சுற்றிலும் பார்த்தாள். கைக்கு எட்டியது கட்சித் துண்டுதான். செம்மண் நிறம், ஒரு முனையில் கிணறு அச்சடித்திருந்தது. பல்லால் கடித்து, கிணறு இல்லாத பக்கமாக ஒரு பட்டை கிழித்து நீட்டினாள்.

"வெள்ளைத் துணி ஏதாச்சும் பாருங்க அம்மணி," என்றார் நாவிதர்.

"இருக்கட்டுங்க. அவருக்கு இதுதான் புடிக்கும்."

அவர் வாங்கிக் கட்டினார். ஒரு மாதம் தொகுதி முழுக்க நடந்த கால்கள். குதிகால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. இடது பாதத்தில் நேற்று அவளே ஒட்டிவிட்ட பிளாஸ்திரி அப்படியே இருந்தது.

காலை ஐந்தே முக்காலுக்கு அப்பா தம்பிதுரை காபி டம்ளரை வாசல் திட்டில் வைத்துவிட்டு, "சென்னியம்மா, சக்கரை பத்துல" என்றார். சர்க்கரை டப்பாவோடு அம்மா வெளியே வந்தபோது சுவரில் சாய்ந்திருந்தார். கோபி ஆஸ்பத்திரிக்குக் காரில் பதினேழு நிமிஷம். டாக்டர் பார்த்தது இரண்டு நிமிஷம். எட்டு மணிக்கெல்லாம் தோட்டத்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். வயது அறுபத்தொன்று.

அன்று செவ்வாய்க்கிழமை. சாயந்திரம் ஆறு மணியோடு பிரச்சாரம் முடிகிறது. வியாழக்கிழமை ஓட்டு.

ஒன்பதரை மணிக்கு அப்பாவின் போன் அடித்தது.

"வேட்பாளர் தம்பிதுரைங்களா? தேர்தல் ஆபீஸ்லருந்து பேசறேன். வண்டி பர்மிட் விஷயமா..."

"நான் அவர் மக பேசறேனுங்க. அப்பா காலையில இறந்துட்டாருங்க."

மறுமுனையில் காகிதம் புரண்டது. ஆள் மாறினார். புதுக் குரல் நிதானமாக இருந்தது. "ரொம்ப வருத்தமுங்க. இறப்புச் சான்று வாங்குனதும் ஒரு நகல் குடுத்துருங்க."

"எலெக்சன் தள்ளிப் போகுங்களா சார்?"

"அங்கீகாரம் இருக்கற கட்சி வேட்பாளரா இருந்தாத் தள்ளி வெப்போமுங்க. உங்கப்பாவோடது பதிவு மட்டும் பண்ணுன கட்சி. எலெக்சன் நடக்கும்."

"அப்ப அவர் பேரு?"

"மெஷின்ல இருக்குமுங்க. பதினோராம் நம்பர், கிணறு. ஓட்டு உழுந்தா எண்ணுவோம்."

போனை வைத்தாள். அம்மா சென்னியம்மாள் ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆரு கண்ணு?"

"எலெக்சன் ஆபீசும்மா. அப்பா இன்னும் போட்டியில நிக்கறாராம்."

சென்னியம்மாள் கண்ணாடிக்குள் பார்த்தாள். "படுத்துட்டும் நிக்கறாரா," என்றாள். "இந்த மனுசன..." மிச்சத்தை முந்தானைக்குள் சொல்லிக்கொண்டாள்.

பால் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் தம்பிதுரை. இரண்டு பெரிய கட்சிகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கட்சி வேண்டும் என்று பத்து வருஷத்துக்கு முன் இருபத்திரண்டு பேர் சேர்ந்து ஊர்ப் பொதுநலக் கட்சியைத் தொடங்கினார்கள். இப்போது பதினாலு பேர் மிச்சம். முதல் தடவை நின்றபோது நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. அடுத்த தடவை ஆயிரத்து நூற்றாறு. "இதே வேகத்துல போனா இன்னும் எளுவது வருசத்துல எம்எல்ஏ ஆயிருவாப்ல" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அவர் காதுபடத்தான். அவரும் சேர்ந்து சிரித்தார்.

இந்தத் தடவை ஒரு பக்க நோட்டீஸ் போட்டார். ஒன்பது வாக்குறுதிகள். கோயமுத்தூரில் பம்பு கம்பெனி டிசைன் பிரிவில் வேலை பார்க்கும் லோகப்பிரியாதான் டைப் அடித்துக் கொடுத்தாள். கடைமடைக்கு முறை வைத்துத் தண்ணீர். அரசு ஆஸ்பத்திரியில் ராத்திரியிலும் பாம்புக்கடிக்கு மருந்தும் டாக்டரும். தெருநாய் கடித்துச் செத்த ஆட்டுக்கு ஒரு வாரத்தில் நஷ்டஈடு. சாயப்பட்டறைப் பக்கத்துக் கிணறுகளில் மாதா மாதம் தண்ணீர் சோதித்து, முடிவை ஊர்ப் பலகையில் எழுதுவது. தறி ஓட்டுகிறவர்களுக்கு இரவு ஒன்பதரைக்குக் கடைசி பஸ். இப்படி எட்டு.

ஒன்பதாவதுதான் சண்டை.

வீட்டுக்கு எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனி. வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. தோப்பைத் தாண்டினால் பள்ளத்தோரம் மயானம். நடுவில் ஒரு சுவர் வைத்து ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. தோப்பு வழியாகப் போனால் முந்நூறு தப்படி. ஆனால் தோப்பைச் சுற்றி முள்கம்பி. ஊர்க்காரர்கள் தார் ரோட்டில் வண்டி வைத்து மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போவார்கள். காலனிக்காரர்கள் வாய்க்கால் கரையில் தோளில் சுமந்து போவார்கள். போன ஐப்பசி மழையில் கொத்தனார் ஐயாசாமியின் அம்மாவைத் தூக்கிப் போனபோது சேற்றில் கால் வழுக்கி, பாடை சரிந்து, கிழவியை வாய்க்கால் தண்ணீரில் கழுவித்தான் கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு ஐயாசாமியின் மகள் கிருபா, கோபி கோர்ட்டில் வக்கீல், தாலுக்கா ஆபீசில் மனுப் போட்டாள். தோப்பு தம்பிதுரைக்கும் அவர் அண்ணன் நஞ்சுண்டனுக்கும் பொதுவில் இருந்தது. பாகம் பிரிக்கவில்லை. தம்பிதுரை வழி விடலாம் என்றார். நஞ்சுண்டன் முடியாது என்று எழுதிக் கொடுத்தார். மூன்று தடவை அண்ணன் வீட்டுக்கு நடந்தார். ஒவ்வொரு தடவையும் காபி கிடைத்தது, கையெழுத்து கிடைக்கவில்லை.

காலனியில் ஓட்டுக் கேட்கப் போனபோது ஐயாசாமியின் மனைவி ராசம்மாள் இடுப்பில் குடத்தோடு நின்று கேட்டாளாம்: "ஏனுங்க, ஓட்டுக் கேக்கறதுக்கு உங்க ஊட்டுலருந்து எங்க ஊட்டுக்கு வழி இருக்குது. பொணத்துக்குத்தான் இல்லீங்களா?"

மறுநாளே நோட்டீசில் ஒன்பதாவது ஏறியது.

"எட்டே போதும்பா," என்று லோகப்பிரியா நேற்றுச் சாயந்திரம்கூடச் சொன்னாள். பாதத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே சொன்னாள். "இதுனால நாலு ஓட்டு வரப் போறதில்ல. பெரியப்பா மூஞ்சியத் திருப்பிக்கிட்டதுதான் மிச்சம். ஒம்பதத் தூக்கிருங்க."

"எட்டும் அடுத்தவன் செய்ய வேண்டியது கண்ணு. அதச் சொல்றதுக்கு நான் எதுக்கு எலெக்சன்ல நிக்கோணும்?"

"அப்ப ஒம்பதாவதச் செஞ்சு காட்டுங்க பாக்கலாம்."

இதுதான் அவரிடம் அவள் கடைசியாக உருப்படியாகப் பேசியது. அப்புறம், "லைட்ட அணைக்கட்டுங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

பதினொரு மணிக்குப் பெரியப்பா பந்தல் பொறுப்பை எடுத்துக்கொண்டார். நஞ்சுண்டனுக்கு அறுபத்தெட்டு வயது. மில்லுக்கு மஞ்சள் ஏற்றி இறக்கிய காலத்துத் தோள் இன்னும் இறங்கவில்லை. தேங்காய், பொரி, வண்டி, விறகு எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்பினார். தம்பிக்கு மகன் இல்லை என்பதால் தன் மகன் உதய் கொள்ளி வைப்பான் என்று அறிவித்தார். யாரும் கேட்காமலே, "வண்டி நாலரைக்கு வந்துரும். ரோட்டு வழியா சுத்திப் போறோம்" என்றார்.

பந்தலில் நீளப் பெஞ்சில் உட்கார்ந்து வந்தவர்களுக்குக் கை கொடுத்தார். துக்கத்துக்கு வருகிறவர்கள் வரிசையாக இரண்டு கையையும் நீட்டுவார்கள். உட்கார்ந்திருக்கிறவர் தொட்டு விடுவார். பேச்சு கிடையாது. ஐயாசாமி வந்து கையை நீட்டினார். நஞ்சுண்டன் அவரையும் தொட்டார், ஆனால் பார்வை ரோட்டில் இருந்தது.

பன்னிரண்டரைக்கு அடுத்தடுத்து ஏழு கார்கள். பெரிய கட்சி ஒன்றின் வேட்பாளர் பாலகோபால் ஆளுயர மாலையோடு இறங்கினார். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வந்தார். சென்னியம்மாளைக் கும்பிட்டார். வாசலில் இரண்டு டிவி மைக்குகள் காத்திருந்தன.

"அண்ணன் தம்பிதுரை எதிரணியில நின்னாலும் நல்ல மனுசன்," என்றார் தொண்டையைச் செருமி. "அவரோட நோட்டீச முழுசாப் படிச்சேன். எல்லாம் மக்களுக்கான கோரிக்கை. அவர் ஆத்மா சாந்தியடையற மாதிரி, அதுல எட்டை நான் ஜெயிச்சு வந்து நிறைவேத்திக் காட்டுவேன்!"

சுற்றி நின்றவர்கள் பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள். உடனே எழவு வீடு என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

எட்டு.

லோகப்பிரியா வாசல்படியில் நின்றிருந்தாள். நேற்று அவள் சொன்ன அதே எண். அவள் சொன்னபோது அது புத்திசாலித்தனமாக இருந்தது. அந்த ஆள் வாயிலிருந்து வந்தபோது எப்படி இருந்தது என்று யோசிக்க அவள் விரும்பவில்லை. கார்கள் போய்விட்டன. இன்னொரு பெரிய கட்சிக்காரர் வந்தார். அவர் எண்ணிக்கையே சொல்லவில்லை.

கிருபா கொல்லைப்புறம் தண்ணீர்த் தொட்டி அருகே வந்தவர்களுக்கு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை இருவரும் ஒரே பெஞ்சு.

"கிருபா, ஒண்ணு கேக்கோணும். ஒருக்கா பொணம் போன எடம் தடமாயிரும்னு சொல்றாங்களே. அது சட்டமா?"

கிருபா டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "ஒத்தை வரியில அப்பிடிச் சட்டம் இல்ல லோகா. பழக்கத்துல இருந்த வழின்னு காட்டோணும். எங்க மனுவுக்கு உங்க பெரியப்பா ஒரு பதில் எழுதிக் குடுத்திருக்கறாரு. 'எங்கள் தோப்பின் வழியாக இன்று வரை ஒரு பிணமும் சென்றதில்லை.' அந்த ஒரே வரியிலதான் எங்க மனு நொண்டிக்கிட்டுக் கெடக்குது."

"ஒண்ணு போயிட்டா?"

கிருபா அவளை நேராகப் பார்த்தாள். பிறகு அடுத்த டம்ளரை எடுத்தாள். "அந்த வரிய மறுபடி எழுத முடியாது. ஆனா நான் சொன்னேன்னு வேண்டாம். உங்கப்பாவ எந்த வழியில கொண்டு போறதுங்கறது உங்க ஊட்டு விசயம்."

அவளுக்குப் பக்கத்தில் ராசம்மாள் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தலை தூக்காமலே சொன்னாள்: "கருணைக்கு ஆரும் வழி உட வேண்டாங் கண்ணு. உங்கப்பன் சொன்ன சொல்லு ஒண்ணு நிக்குது. அத மட்டும் பாரு."

மூன்று மணி. லோகப்பிரியா பந்தலுக்கு வந்தாள். பெஞ்சில் ஆண்கள். அவள் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

"பெரீப்பா. வண்டி வேண்டாமுங்க."

"ஏன் அம்மணி? ஏசி இல்லாத வண்டியா அனுப்பறான்?"

"தோப்பு வழியாக் கொண்டு போயரலாமுங்க. தோள்ல."

நஞ்சுண்டன் வேட்டி மடிப்பைச் சரி செய்தார்.

"ஏன், ரோட்டுல போனா உங்கப்பனுக்குக் கால் நோவுமா?"

"அவரு எழுதிக் குடுத்திருக்கறாருங்க. நோட்டீஸ்ல."

"நோட்டீசு!" அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "தெரியுமே. இந்த யோசனை ஆரு ஊட்டு அடுப்புல வெந்துதுன்னு எனக்குத் தெரியுமே. ஒருக்கா பொணம் போச்சுன்னா நாளைக்கு ஊரே போகும். நாப்பது வருசம் வெச்சுக் காப்பாத்துன தோப்பு. உங்கப்பன் பால் ஊத்திக்கிட்டு இருந்தப்ப தண்ணி கட்டுனவன் நானு. சொல்லிப்போட்டேன். ரோட்டு வழிதான்."

"பெரீப்பா..."

"தோப்பு வழின்னா என்ற பையன் கொள்ளி வெக்க மாட்டான். அப்பறம் ஆர வெச்சுச் சுடுவீங்களோ, உங்க பாடு."

உதய் தலையைக் குனிந்து போனைப் பார்த்தான். போனில் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"...பெருமக்களே, உங்க தம்பிதுரை பேசறேனுங்க."

ரோட்டில் லோடு ஆட்டோ வந்துகொண்டிருந்தது. மேலே இரண்டு குழாய், பக்கத்தில் கிணறு படம். ஓட்டுகிறவன் ஆல்வின், கிருபாவின் தம்பி. காலை ஆறு மணிக்கே தொகுதியின் வடக்கு மூலைக்குப் புறப்பட்டவன். காலையிலிருந்து அவன் போனுக்கு இருபது பேராவது முயற்சி செய்திருப்பார்கள். கிடைக்கவில்லை. முதல் வாரத்தில் நாலாவது வாக்குறுதிக்கு நடுவில் யாரோ கூப்பிட்டு, "மச்சா, பிரியாணி சொல்லட்டுமா?" என்று கேட்டது குழாயில் ஊருக்கே ஒலித்துவிட்டது. அன்றிலிருந்து பேச்சு ஓடும்போது போனை ஃப்ளைட் மோடில் போட வேண்டும் என்பது தம்பிதுரையின் உத்தரவு.

"ஒண்ணு. கடைமடைக்குத் தண்ணி. வாய்க்கா தெறந்தா மேல இருக்கறவன் குளிக்கறான், கீழ இருக்கறவன் வேடிக்கை பாக்கறான்..."

பந்தலையும் கூட்டத்தையும் பார்த்து ஆல்வின் பிரேக் போட்டான். இறங்கினான். பெட்டியில் யார் என்று தெரிய அவனுக்குக் கொஞ்சம் நேரமானது. தெரிந்ததும் வண்டிக்குத் திரும்பி ஓடினான். அவசரத்தில் இழுத்ததில் போன் சீட்டுக்கு அடியில் விழுந்தது. குழாய் பேசிக்கொண்டே இருந்தது.

"நிறுத்துடா!" என்று நஞ்சுண்டன் கத்தினார்.

"உடு சாமி." சென்னியம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஆல்வினைப் பார்த்து நின்றிருந்தாள். "அவரு முடிச்சுக்கட்டும்."

ஆல்வின் சீட்டுக்கு அடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

ஒவ்வொன்றாகப் போனது. நாலாவதுக்குப் பிறகு ஒரு இருமல். பதிவு செய்த அன்று லோகப்பிரியா, "இன்னொருக்கா எடுக்கலாம்பா" என்று சொல்லியிருந்தாள். "இருமுனா ஓட்டுப் போட மாட்டாங்களா?" என்று விட்டுவிட்டார். பந்தலில் கட்சிக்காரர்கள் இருந்தார்கள், கட்சிக்கு எதிரானவர்கள் இருந்தார்கள், டீக்கடைக்காரர் இருந்தார். தம்பிதுரையின் பேச்சை இதுவரை யாரும் முதலிலிருந்து கடைசி வரை கேட்டதில்லை. இப்போது கேட்டார்கள். எழவு வீட்டில் எழுந்து போக முடியாது.

"ஒம்பது. சுடுகாட்டுக்குத் தடம் இல்லாத ஊரு நம்ம தொகுதியில பதினாலு இருக்குதுங்க. அதுல ஒண்ணு என்ற ஊரு. அந்தத் தடத்த மறிச்சுக்கிட்டு நிக்கறது என்ற தோப்பு. அதுனால இத கவருமெண்டு செய்யும்னு நான் சொல்ல மாட்டேன். நான் செய்யறேன். ஓட்டுப் பொட்டி தெறக்கறதுக்கு முன்னால செய்யறேன். உங்க சின்னம் கிணறு, கிணறு, கிணறு."

ஒரு கீச்சொலி. பிறகு மறுபடி முதலிலிருந்து, "பெருமக்களே..." ஆல்வின் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டான்.

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். சென்னியம்மாள் தன் புருஷனின் அண்ணனிடம் நேருக்கு நேர் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. "உங்க பெரியப்பாகிட்டச் சொல்லு கண்ணு" என்று மகள் வழியாகத்தான் பேச்சு. அவர் எதிரே வந்தால் தலைக்கு முந்தானை ஏறும். இப்போது முந்தானை தோளிலேயே கிடந்தது.

"ஏனுங்க," என்றாள்.

நஞ்சுண்டன் நிமிர்ந்தார். கூப்பிட்டது யார் என்று அவருக்கு ஒரு கணம் புரியவில்லை.

"மூணு தடவ உங்க ஊட்டுக்கு வந்தாரு. மூணு தடவையும் திரும்பி வந்து சோறு உண்ணல. நான் கிறுக்குன்னு வஞ்சேன். நாலாவது தடவயா இப்பப் போறாரு. உங்க பையன் கொள்ளி வெச்சாச் சந்தோசமுங்க. இல்லைன்னா கொள்ளிக்கு எம்புள்ள இருக்கறா."

லோகப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவள் பக்கம் திரும்பவில்லை.

நஞ்சுண்டன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பந்தலை விட்டு இறங்கி வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தார். "கோவிச்சுக்கிட்டாரு," என்றார் ஒருவர். "வேலிகிட்ட மறிச்சு நிப்பாரு பாரு," என்றார் இன்னொருவர். உதய் எழுந்து ஓடினான். லோகப்பிரியாவும் ஓடினாள்.

அவர் மோட்டார் ரூமுக்குள் போனார். வெளியே வந்தபோது கையில் கட்டிங் பிளேயர் இருந்தது. வேலிக்குப் போய் முதல் கல்லுக்காலுக்கு முன் குந்தினார். கீழ்க் கம்பியை வைத்து அழுத்தினார். துருப்பிடித்த கம்பி உடனே விடவில்லை.

"அப்பா, குடுங்க, நான்..." என்றான் உதய்.

"போடா. என்ற தம்பி போறதுக்கு நீ எதுக்குடா பிரிக்கறே?"

டக்கென்று அறுந்த கம்பி சுருண்டு அவர் புறங்கையைக் கீறியது. துடைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது. மூன்றாவது. ஐந்து வரிசையும் அறுந்த பிறகு எழுந்து, லோகப்பிரியாவிடம் விரலை நீட்டினார்.

"இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான். நாளானிக்கே திரும்பக் கட்டிப்போடுவேன். அந்த வக்கீல் புள்ளகிட்டச் சொல்லி வெய்யி."

"சரிங்க பெரீப்பா."

"சரிங்கறா பாரு," என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

நாலரைக்கு எடுத்தார்கள். வந்த வண்டி காலியாகத் திரும்பிப் போனது. முன்னால் உதய் தீச்சட்டியோடு. பாடையின் முன் கொம்பில் ஒரு பக்கம் நஞ்சுண்டன், மறுபக்கம் கட்சிக்காரர் ஒருவர். பின் கொம்புக்கு ஆள் குறைந்தபோது ஐயாசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து தோள் கொடுத்தார். முன்னால் போன நஞ்சுண்டனுக்கு, பின்னால் தோள் கொடுப்பது யார் என்று தெரிந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. பாடை திரும்ப வேண்டிய இடத்தில் மட்டும், "பாத்து, பாத்தி இருக்குது, காலெடுத்து வையி" என்று பொதுவாகச் சொன்னார்.

பெண்கள் வேலியோடு நின்றார்கள். அதற்கு மேல் வழக்கமில்லை. சென்னியம்மாளுக்கு ஒரு பக்கம் லோகப்பிரியா, மறுபக்கம் ராசம்மாள். தென்னை மரங்களுக்கு நடுவே செம்மண் நிறத் துண்டு கொஞ்ச தூரம் தெரிந்தது. பொரி இறைத்துக்கொண்டே போனார்கள். ராசம்மாள் உதட்டை அசைத்துத் தப்படிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆட்கள் தோப்பைத் தாண்டி மறைந்தபோது நிறுத்தினாள்.

"முன்னூறுகூட இல்லீங்க," என்றாள்.

புதன்கிழமை சாம்பலைக் கொடுமுடிக்குக் கொண்டுபோய் ஆற்றில் கரைத்தார்கள்.

வியாழக்கிழமை காலை சென்னியம்மாள் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். தங்கியிருந்த சொந்தக்காரப் பெண்கள் பதறினார்கள். "பதினாறு முடியாம ரோட்டுல எறங்கறதா? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். போன தடவ ஆயிரத்து நூத்தாறு. இந்தத் தடவ நான் போகாம ஒண்ணு கொறைஞ்சுதுன்னு ஆவப்படாது," என்று செருப்பை மாட்டினாள்.

பள்ளிக்கூடத்து வாசலில் வேட்பாளர் பட்டியல் ஒட்டியிருந்தது. பதினோராவது வரியை யாரும் அடிக்கவில்லை. உள்ளே ஒருவர் சத்தமாக வாசித்தார்: "லோகப்பிரியா. தகப்பனார் தம்பிதுரை." மேஜைக்குப் பின்னாலிருந்த ஏஜெண்டுகள் ஒரு நொடி பேனாவை நிறுத்தி, பிறகு டிக் அடித்தார்கள். இடது ஆள்காட்டி விரலில் மை. அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் நீலப் பொத்தானை அழுத்தினாள். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் விளக்கு எரிந்தது. துண்டுச் சீட்டு ஒன்று இறங்கி நின்றது. 11. தம்பிதுரை. கிணறு. ஏழு விநாடி நின்றுவிட்டுக் கீழே விழுந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் அம்மா காத்திருந்தாள்.

"கண்ணாடிக்குள்ள பாத்தியா?"

"பாத்தேம்மா."

"எனக்கும் தெரிஞ்சுது. சட்டுனு உழுந்துருச்சு."

இருவரும் நடந்தார்கள். வீட்டை நெருங்கியபோது பின்பக்கமிருந்து கடப்பாரைச் சத்தம் கேட்டது. வேலியருகே பெரியப்பாவின் டிவிஎஸ் நின்றிருந்தது. கேரியரில் புதுக் கம்பிச் சுருள். கீழே இரண்டு கல்லுக்கால்கள் படுத்திருந்தன.

சென்னியம்மாள் நின்றாள். அப்புறம் வீட்டுக்குள் போய்விட்டாள்.

லோகப்பிரியா மட்டும் போனாள். தோப்புக்குள் புல் இன்னும் மிதிபட்ட வாக்கிலேயே சாய்ந்து கிடந்தது. பொரியை எறும்புகள் கொண்டுபோய்விட்டன. நஞ்சுண்டன் சட்டை இல்லாமல், புறங்கையில் மஞ்சள் பற்றோடு, குழி தோண்டிக்கொண்டிருந்தார். குழி இருந்தது வேலி அறுந்த இடத்தில் இல்லை. அதற்கு நாலடி உள்ளே, தோப்பை நோக்கிய வாக்கில்.

"வந்துட்டியா? ஓட்டுப் போட்டாச்சா?" என்றார் கடப்பாரையை நிறுத்தாமல்.

"ஆச்சுங்க பெரீப்பா. நீங்க?"

"ஏழு மணிக்கே." கையைத் தூக்கி நெற்றி வியர்வையை வழித்தார். நகத்தில் மை இருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரே சின்னத்துக்குக் குத்துகிறவர். லோகப்பிரியா கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை.

"நாலு பேரு தூக்கிட்டு வந்தா, ரெண்டு பக்கமும் ஒவ்வொருத்தன் கூட நடந்தா, எத்தனை அடி வேணும்? நீ டிசைன் படிச்சவதானே."

அவள் யோசித்தாள். "எட்டு அடிங்க."

"எட்டா?" கடப்பாரையை மண்ணில் ஊன்றினார். "ஒம்பதா வெச்சுக்குவோம். மழையில வழுக்கும்."

டிவிஎஸ் கைப்பிடியில் தொங்கிய தேங்காய்நார்க் கயிற்றை எடுத்தார். பாடை கட்டி மிச்சமானது. ஒரு முனையில் முடிச்சுப் போட்டார்.

"ஒண்ணு சொல்லிப்போடறேன். இது பூராவும் உங்கப்பன் பாகத்துல. என்ற பாகத்துல ஒரு அடி போகாது. ரெண்டு பக்கமும் கம்பி கட்டிருவேன். ஆடு கீடு உள்ள வந்துச்சு, நான் மனுசனா இருக்க மாட்டேன்."

"அப்ப தோப்புப் பாகம் பிரிச்சாச்சுங்களா பெரீப்பா?"

அவர் கயிற்றின் முடிச்சுப் போட்ட முனையை அவளிடம் நீட்டினார்.

"இந்த மொனையப் புடி. தளர உட்றாத."

பிடித்தாள். மறுமுனையோடு அவர் தோப்புக்குள் நடந்தார். மரங்களுக்கு நடுவே அவர் முதுகு சிறுத்துக்கொண்டே போனது. கயிறு அவள் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, ஒரு இடத்தில் விறைப்பாக நின்றது.